வீட்டு வாசலில் அரசனை நிறுத்திய மனிதர்
வைலேயில் வாழ்ந்த ஓர்லா லேமன்



எங்கள் சங்க மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன். ஊரில் ஏ.எல் வரை படித்தவன், இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். காந்தியையோ, தந்தை செல்வாவையோ எழுதினால் எல்லோருக்கும் தெரிந்த கதையாகிவிடும். ஆகவே நாங்கள் வாழும் இந்த நகரத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவரை எழுதலாம் என்று நினைத்தேன். அவர் பெயர் ஓர்லா லேமன். வைலே நகரின் நடுவில் அவருடைய பெயரில் ஒரு றோட்டு இருக்கிறது. எங்கட ஆட்கள் எத்தனையோ தடவை அந்த றோட்டால் போய் வந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார், அவர் எங்களுக்கு என்ன செய்தார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் குறைவு.

அவர் எங்களுக்கு என்ன செய்தார்? இன்று நாங்கள் இரவில் கதவைப் பூட்டிப்போட்டு நிம்மதியாகப் படுக்கிறோமே, அந்த நிம்மதிக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். அதனால்தான் இவரைப் பற்றி எழுதுகிறேன்.

கதவில்லாத காலம்

கதவைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில், விடியப்புறம் நாய்கள் ஒன்றாகக் குரைத்தால் பெரியவர்களுக்கு விளங்கிவிடும். சுற்றிவளைப்பு! அம்மா அடுப்பு மூட்டமாட்டா. ஐயா அடையாள அட்டைகளை எடுத்து விறாந்தை மேசையில் வரிசையாக வைப்பார். படலையைத் திறக்கட்டோ என்று ஆமிக்காரன் கேட்டதில்லை. திறப்பு எங்கே என்றும் கேட்டதில்லை. அரிசி மூட்டையைக் கொட்டிப் பார்ப்பான், சாமி அறைக்குள் சப்பாத்தோடு போவான், அக்காவின் பாடப் புத்தகத்தை விரித்துப் பார்ப்பான். அவனிடம் எந்தக் கடுதாசியும் இருக்காது. எங்களிடம்தான் கடுதாசி இருக்க வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய பட்டியல், கிராம சேவகரின் கையெழுத்து, அதில் இல்லாத ஒருவர் ஓர் இரவு தங்கினால் அதற்கும் விளக்கம்.

இதெல்லாம் சும்மா நடந்ததல்ல. சட்டத்தோடுதான் நடந்தது. 1979இல் கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரோ, அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்த சப் இன்ஸ்பெக்டரோ நீதிமன்றத்தின் ஆணை எதுவும் இல்லாமலே எந்த இடத்துக்குள்ளும் நுழைந்து தேடலாம் என்று சொன்னது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் குடிமகனின் வீட்டுக்குள் அரசு கண்டபடி நுழையக்கூடாது என்று ஒரு வரி அதில் எழுதப்படவில்லை.

எழுதப்படாத வரி எவ்வளவு பெரிய வரி என்பதை எங்கள் இனம் அனுபவித்துத்தான் அறிந்தது. 1981இல் யாழ்ப்பாணத்தில் நூலகத்தை எரித்த அதே நாட்களில் பாராளுமன்ற உறுப்பினர் யோகேஸ்வரனின் வீட்டையும் பொலிசார் எரித்தார்கள். சட்டம் செய்யும் சபையில் இருந்தவரின் வீட்டுக்கே அந்தக் கதி. 1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கிய பிறகுதான் அது நின்றது.

இந்தப் பின்னணியோடு ஓர்லா லேமனின் கதைக்கு வருவோம். ஏனென்றால் ஒரு காலத்தில் இந்த டென்மார்க்கிலும் அரசனைத் தட்டிக்கேட்க ஒரு சட்டம் இருக்கவில்லை.

வேறு மொழி பேசிய வீட்டில் பிறந்தவர்

ஓர்லா லேமன் 1810ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி கொப்பன்ஹேகனில் பிறந்தார். தந்தையார் ஹொல்ஸ்ரைன் பகுதியைச் சேர்ந்த அரசாங்க உத்தியோகத்தர். வீட்டில் ஜேர்மன் மொழி. சிறுவன் ஓர்லா முதலில் படித்ததும் கொப்பன்ஹேகனில் இருந்த ஜேர்மன் பள்ளிக்கூடத்தில்தான். இங்கே பிறந்து, வீட்டில் ஒரு பாஷையும் வெளியில் ஒரு பாஷையும் கதைத்து வளரும் எங்கட பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் டெனிஷ் மொழியில் அவரைப்போல் மேடையில் பேசக்கூடியவர்கள் அந்த நாட்டில் மிகச் சிலர்தான் என்று பெயர் எடுத்தார். 1833இல் சட்டப் படிப்பை முடித்தார்.

அப்போது டென்மார்க் எப்படி இருந்தது? 1660ஆம் ஆண்டிலிருந்து அரசனின் தனி ஆட்சி. 1665இல் எழுதிய அரச சட்டத்தின்படி அரசனுக்கு மேலே கடவுள் மட்டும்தான். சட்டம் செய்வதும் அரசன், மாற்றுவதும் அரசன், கடைசித் தீர்ப்புச் சொல்வதும் அரசன். பத்திரிகை எழுதுகிறவர்களுக்கு 1799ஆம் ஆண்டுக் கட்டளை பெரிய விலங்கு. ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் அதன் பிறகு எழுதுவதெல்லாம் அச்சுக்குப் போகமுன் பொலிசின் பார்வைக்குப் போக வேண்டும்.

லேமன் பத்திரிகைகளில் எழுதினார். கூட்டங்களில் பேசினார். 1839 டிசம்பரில் எட்டாம் கிறிஸ்தியான் அரசராக வந்தார். இவருக்கு ஒரு பழைய கதை உண்டு. 1814இல் நோர்வே மக்கள் தங்களுக்கென்று ஓர் அரசியலமைப்பு எழுதியபோது அங்கே இருந்த இளவரசர் இவர்தான். அதை ஏற்றுக்கொண்டு சில மாதங்கள் நோர்வேயின் அரசராகவும் இருந்தவர். குற்ற வழக்குகளில் தவிர வீடுகளைச் சோதனை போடக்கூடாது என்று அந்த அரசியலமைப்பின் 102ஆம் பிரிவு சொன்னது. நோர்வே வீடுகளுக்கு அப்படி ஒரு காவலை ஏற்றுக்கொண்டவர், டென்மார்க் வீடுகளுக்கும் தருவார் என்று இளைஞர்கள் நம்பினார்கள். லேமன் மாணவர்களை அழைத்துக்கொண்டு போய் அரசியலமைப்பு வேண்டும் என்று விண்ணப்பம் கொடுத்தார். அரசர் தரவில்லை. ஆட்சிக் கதிரையில் ஏறமுன் ஒரு கதை, ஏறியபின் ஒரு கதை! இது எங்களுக்குப் பழகிப்போன விசயம்தானே.

ஒரு பேச்சுக்கு மூன்று மாதம்

1841 ஜனவரியில் பல்ஸ்டர் தீவிலுள்ள நூக்கூபிங் ஊரில் விவசாயிகள் கூடிய ஒரு கூட்டத்தில் லேமன் பேசினார். படித்த பட்டணத்து இளைஞர் ஒருவர், தோட்டம் கொத்துகிறவர்களுக்கு முன்னால் நின்று, அவர்களுடைய கஷ்டத்துக்கும் தனி ஆட்சிக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாக எடுத்துச் சொன்னார். பட்டணத்தில் படித்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொள்வதை அரசு பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அதையே விவசாயியிடம் போய்ச் சொன்னால் விடுமா? வழக்கு வந்தது. 1842இல் உயர் நீதிமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. லேமன் சிறைக்குப் போனார். போகும்போது ஒரு சட்டத்தரணி, வெளியே வரும்போது நாடறிந்த தலைவர்.

பேசியதற்காகச் சிறை சென்ற ஒருவருக்கு வீட்டின் அருமையும் கடிதத்தின் அருமையும் தெரிந்திருக்கும். அரசுக்குப் பிடிக்காத கருத்து முதலில் எங்கே இருக்கிறது? மேடைக்கு வரமுன் அது வீட்டில் மேசை லாச்சிக்குள் காகிதமாக இருக்கிறது. நண்பனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஆகவே வாயை மூட நினைக்கும் அரசு முதலில் வீட்டுக்குள்தான் வரும். இங்கிலாந்தில் 1762இல் அரசரின் ஆட்கள் ஜோன் என்ரிக் என்ற எழுத்தாளரின் வீட்டை உடைத்து, நான்கு மணித்தியாலம் பெட்டிகளையும் காகிதங்களையும் கிளறினார்கள். அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். அமைச்சரின் கடிதம் ஒன்று மட்டும் கையில் இருந்தால் ஒரு மனிதனின் வீட்டுக்குள் நுழைய முடியாது, சட்டத்தில் இடம் இருக்க வேண்டும் என்று 1765இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பாவில் வீட்டு உரிமையைப் பற்றிப் பேசியவர்கள் பலரும் எழுத்தையும் பேச்சையும் பற்றியும் பேசியதற்குக் காரணம் இதுதான்.

1848: கத்தியின்றி இரத்தமின்றி

1848 ஜனவரியில் எட்டாம் கிறிஸ்தியான் இறந்தார். அவருடைய மகன் ஏழாம் பிறெடெரிக் அரசரானார். பெப்ரவரியில் பாரிசில் புரட்சி. அந்தச் செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. மார்ச் 20ஆம் திகதி இரவு கொப்பன்ஹேகனில் கசீனோ மண்டபத்தில் பெரிய கூட்டம். அரசரிடம் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுதியவர் லேமன். மக்களை விரக்தியின் விளிம்புக்குத் தள்ளினால் தங்களுக்குத் தாங்களே உதவி செய்துகொள்ள வேண்டிவரும் என்ற கருத்தை அதில் மரியாதையான வார்த்தைகளில் வைத்திருந்தார். மரியாதை இருந்தது, ஆனால் மிரட்டலும் இருந்தது. மறுநாள் ஏறத்தாழ 15,000 பேர் ஊர்வலமாக அரண்மனைக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது, பழைய அமைச்சர்களை அனுப்பியாயிற்று என்று அரசர் சொல்லிவிட்டார். ஒரு துவக்குச் சூடும் இல்லாமல் 188 வருடத் தனி ஆட்சி முடிந்தது.

புதிய அமைச்சரவையில் லேமனும் ஒருவர். இலாகா இல்லாத அமைச்சர். அரசியலமைப்பின் முதல் வரைவை எழுதியவர் மொன்றாத் என்ற பாதிரியார். பின்னாளில் பேராயரானவர். அந்த வரைவின் மொழியைத் திருத்திச் செப்பனிட்டவர் லேமன். 1831ஆம் ஆண்டு பெல்ஜியம் அரசியலமைப்பும் நோர்வேயின் அரசியலமைப்பும் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தன. பெல்ஜியத்தில் வீட்டைப் பற்றிய பிரிவு ஏற்கனவே இருந்தது.

1848 ஒக்ரோபரில் 152 பேர் கொண்ட சபை கூடி, பல மாதம் விவாதித்து, 1849 மே 25ஆம் திகதி வாக்கெடுத்தது. ஆதரவாக 119, எதிராக 4. யூன் 5ஆம் திகதி அரசர் கையெழுத்திட்டார். இன்றும் யூன் 5 வந்தால் இங்கே கொடி ஏற்றி, கூட்டம் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அது இதற்காகத்தான்.

அந்த அரசியலமைப்பின் 86ஆம் பிரிவு வீட்டைப் பற்றியது. இன்றைய 1953ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அது 72ஆம் பிரிவு. அதன் கருத்தைச் சொல்வதானால், மனிதனின் வீடு மீறப்படக்கூடாதது. வீட்டைச் சோதனை போடுவது, பொருளைப் பறிமுதல் செய்வது, கடிதங்களையும் காகிதங்களையும் கிளறுவது ஆகியவற்றுக்கு நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். ஏதாவது சட்டம் தனியாக ஒரு விதிவிலக்குக் கொடுத்திருந்தால் மட்டும் அது வேறு. பின்னர் தபால், தந்தி, தொலைபேசி இரகசியமும் அதில் சேர்ந்தது. மிகச் சிறிய பிரிவு. எங்கட ஊரில் ஒரு கடிதத் தலைப்பில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது இருக்கிற நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்களைப்போல் உணர்ந்தவர்கள் யார்?

வைலேயின் அரசாங்க அதிபர்

1848 முடிவில் அமைச்சரவை மாறியது. லேமன் பதவி விலகினார். அவரை வைலே மாவட்டத்தின் அம்ட்மன் ஆக நியமித்தார்கள். எங்கட ஊர்ப் பாணியில் சொன்னால் அரசாங்க அதிபர், அதாவது ஜீ.ஏ. தெரு, ஏழைகளுக்கான உதவி, ஊர்ச் சபைகளை மேற்பார்ப்பது எல்லாம் அவருடைய பொறுப்பு. 1861 வரை, ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் அந்தப் பதவியில் இருந்தார்.

ஆனால் வந்த புதிதிலேயே பெரிய சோதனை. அப்போது சிலேஸ்விக், ஹொல்ஸ்ரைன் பகுதிகளுக்காகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1849 ஏப்ரலில் எதிர்ப்படை வடக்கே வந்து கோல்டிங்கைப் பிடித்தது. கோல்டிங் பட்டணத்தில் வீடுகள் எரிந்தன. அந்த நாட்களில் சிலேஸ்விக்-ஹொல்ஸ்ரைன் படையினர் லேமனைக் கைதுசெய்து, பணயக் கைதியாகக் கொட்டொர்ப் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மாதக் கணக்கில் அங்கேதான் இருந்தார். யூன் 5ஆம் திகதி கொப்பன்ஹேகனில் அரசர் கையெழுத்திட்டபோது, அந்தச் சட்டத்தின் வார்த்தைகளைச் செதுக்கிய மனிதர் தன் வீட்டில் இல்லை, எதிரியின் கோட்டையில் அடைபட்டிருந்தார். அதே ஆண்டு அவருடைய மனைவி மரியாவும் இறந்துபோனார். 1844இல்தான் கல்யாணம். பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். நாட்டு மக்களின் வீட்டுக்குக் காவல் போட்டவரின் சொந்த வீடு அந்த ஒரு வருடத்தில் இடிந்துபோயிற்று.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் மார்கிறெத்த. 1846இல் பிறந்தவர். பின்னர் நோர்வேயில் வாழ்ந்து, பத்திரிகை எழுத்தாளராகவும் பெண்களின் உரிமைக்காகப் போராடியவராகவும் பெயர் பெற்றார். தகப்பன் விட்ட இடத்திலிருந்து மகள் தொடங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இனி வருகிறேன்.

அவர் பார்க்காத கதவுகள்

பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவது எங்களிடையே ஒரு பழக்கம். லேமனின் கதையில் இரண்டு விசயங்களை மறைக்க எனக்கு மனமில்லை.

முதலாவது, 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பு வாக்குரிமையை யாருக்குக் கொடுத்தது? முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொந்தமாகக் குடும்பம் நடத்தும் ஆண்களுக்கு. பெண்களுக்கு இல்லை. பிறர் வீட்டில் தங்கி வேலை செய்யும் வேலையாட்களுக்கு இல்லை. அரசின் ஏழை உதவியில் வாழ்ந்து அதைத் திருப்பிக் கட்டாதவர்களுக்கும் இல்லை. அதாவது, தனக்கென்று ஒரு வீடு இருந்தவனுக்குத்தான் நாட்டிலும் இடம். பண்ணையில் குதிரை லாயத்தின் பக்கத்தில் படுத்தெழும்பிய வேலைக்காரன் எந்தக் கதவைப் பூட்டுவான்? பெண்களும் வேலையாட்களும் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற 1915 யூன் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிற்காலத்தில் லேமனே, திறமையும் படிப்பும் பணமும் உள்ளவர்களின் கையில்தான் ஆட்சி இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வந்தார். விவசாயிக்காகப் பேசிச் சிறைக்குப் போனவர், விவசாயி ஆட்சியில் பங்கு கேட்டபோது தயங்கினார். தொழிற்சாலையில் நிற்கிற எனக்கு இது கசக்கிறது.

இரண்டாவது, எங்களுக்கு இன்னும் கிட்டவான விசயம். டென்மார்க்கின் எல்லை ஐடர் ஆறு வரை இருக்க வேண்டும் என்று 1842இலேயே முழங்கியவர் லேமன். அதாவது சிலேஸ்விக் முழுவதும் டென்மார்க்கோடு சேர வேண்டும். ஆனால் சிலேஸ்விக்கின் தெற்கில் வாழ்ந்தவர்கள் ஜேர்மன் பேசுகிறவர்கள். அவர்கள் அதை விரும்பவில்லை. 1851இலிருந்து நடுச் சிலேஸ்விக்கில், மக்கள் ஜேர்மனை விரும்பிய ஊர்களிலும் பள்ளிக்கூடத்தில் டெனிஷ் மொழியைப் புகுத்தினார்கள். இது லேமன் போட்ட கட்டளை அல்ல. ஆனால் அவர் வளர்த்த அந்தத் தேசிய உணர்ச்சியில் முளைத்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது எங்கள் பெரியவர்கள் பட்ட வேதனையை அறிந்த எங்களுக்கு, அந்த ஜேர்மன் தாய் தகப்பன்மார் என்ன நினைத்திருப்பார்கள் என்று விளங்காதா?

லேமன் 1861இல் உள்நாட்டு அமைச்சரானார். 1863 நவம்பரில் சிலேஸ்விக்கை இன்னும் நெருக்கமாகக் கட்டும் புதிய அரசியலமைப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவில் அமைச்சரவை போயிற்று. 1864 பெப்ரவரியில் பிரஷ்யாவும் ஒஸ்திரியாவும் படையெடுத்தன. மார்ச் 8ஆம் திகதி ஒஸ்திரியப் படை எங்கள் வைலே வரை வந்து, இந்தத் தெருக்களிலும் மேட்டிலும் சண்டை நடந்தது. ஏப்ரல் 18இல் டியூபல் வீழ்ந்தது. ஒக்ரோபரில் வியன்னா ஒப்பந்தம். சிலேஸ்விக், ஹொல்ஸ்ரைன், லவன்பேர்க் மூன்றும் போயின. அரசியலமைப்பின் 86ஆம் பிரிவை எந்த ஒஸ்திரியச் சிப்பாயும் வாசித்துவிட்டு வரவில்லை. சண்டை வந்தால் முதலில் உடைவது வீட்டுக் கதவுதான். இதை வைலேக்காரர் 1864இல் கண்டார்கள், நாங்கள் எங்கள் காலத்தில் கண்டோம்.

வட சிலேஸ்விக்கில் வாழ்ந்த டெனிஷ்காரர் அதற்குப் பிறகு 56 வருடம் ஜேர்மன் ஆட்சியின் கீழ் சிறுபான்மையாக வாழ்ந்தார்கள். 1920இல் மக்களிடம் வாக்கெடுத்த பிறகே அந்தப் பகுதி திரும்பி வந்தது. மக்களைக் கேட்காமல் கீறிய எல்லைக்குப் படை வேண்டியிருந்தது. கேட்டுக் கீறிய எல்லை இன்றுவரை நிற்கிறது.

ஓர்லா லேமன் 1870 செப்ரெம்பர் 13ஆம் திகதி கொப்பன்ஹேகனில் காலமானார். வயது அறுபது. அவர் கனவு கண்ட எல்லை நிலைக்கவில்லை. அவர் இருந்த மாவட்ட நிர்வாகமும் 2007 ஜனவரி முதலாம் திகதியோடு இல்லாமல் போய்விட்டது. ஆனால் அவர் செப்பனிட்ட அந்தச் சிறிய பிரிவு மட்டும், 1866, 1915, 1953 என்று அரசியலமைப்பு மாறிய ஒவ்வொரு தடவையும் தப்பிப் பிழைத்து இன்று எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது.

எங்கள் வீட்டுக் கதவு

இனி எங்கள் விசயம். எங்கட ஆட்கள் சிலர், பொலிஸ் என்றதும் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். பழக்க தோஷம். இன்னும் சிலர் இந்த நாட்டில் யாரும் எங்கட வீட்டுக்குள் காலே வைக்க முடியாது என்று வீரம் பேசுகிறார்கள். இரண்டும் சரியில்லை.

சட்டம் சொல்வது இதுதான். வீட்டைச் சோதனை போட வேண்டுமென்றால் பொலிஸ் பொதுவாக நீதிமன்றக் கட்டளை பெற வேண்டும். காத்திருந்தால் சாட்சியம் அழிந்துவிடும் என்ற நிலையில் கட்டளை இல்லாமலும் வரலாம். ஆனால் வீட்டுக்காரர் கேட்டால், 24 மணித்தியாலத்துக்குள் அதை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். கேட்டால் என்பதைக் கவனியுங்கள்! கேட்பது உங்கள் உரிமை, பொலிசை அவமதிப்பது அல்ல. நீங்களாகவே சம்மதம் கொடுத்தால் கட்டளை தேவையில்லை. ஆகவே டெனிஷில் எழுதிய எந்தப் பத்திரத்திலும் விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாமல், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்புச் சம்பந்தமாகக் கொமியூன் நீதிமன்றக் கட்டளை இல்லாமலே வீட்டுக்குள் வர முடிகிற சந்தர்ப்பங்கள் சட்டத்தில் இருக்கின்றன. வேறு பல சட்டங்களும் அதிகாரிகளுக்கு இடம் கொடுக்கின்றன. இப்படியான விதிவிலக்குகள் பெருகிப் போனதைப் பார்த்து, 2004இல் ஒரு தனிச் சட்டம் செய்தார்கள். நிர்வாக அதிகாரிகள் சோதனைக்கு வருவதென்றால் பொதுவாக 14 நாளுக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அடையாளம் காட்ட வேண்டும். முன்பு தொலைக்காட்சி லைசென்ஸ் பார்க்கிறவர்கள் கதவைத் தட்டியது பலருக்கு நினைவிருக்கும். அவர்களுக்கு உள்ளே வர அதிகாரமே இல்லை. ஆனாலும் எங்கட ஆட்கள் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணியும் கொடுத்தார்கள்! அந்த லைசென்ஸே 2022இல் இல்லாமல் போயிற்று. விருந்தோம்பல் எங்கள் பண்பாடு. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் விருந்தாளி யார், அதிகாரி யார் என்று தெரிந்து கொடுப்போம்.

ஊரில் இருப்பவர்களுக்கும் கேட்கும் துணிவு இல்லாமல் போய்விடவில்லை. 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் இராணுவம் வீடு வீடாகக் குடும்பங்களைப் பதிவு செய்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு அங்கே உறுதி கொடுத்தது. அரசியலமைப்பில் எழுதாத உரிமையைக்கூட, கேட்கிறவன் இருந்தால் கொஞ்சமாவது வாங்கலாம் என்பதற்கு இது சாட்சி. அதே நேரம், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் சொந்த வளவைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதையும் மறக்க முடியாது. பார்க்காமலே கண்ணை மூடியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு மட்டுமல்ல, வேலியும் கிணறும் சேர்ந்து பறிபோயின.

எங்கட வீட்டுக்குள்ளும் கதவுகள் இருக்கின்றன. இதையும் சொல்லத்தான் வேண்டும். இங்கே வளரும் மகளின் அறைக் கதவைத் தட்டாமல் திறக்கிறோம். அவளுக்கு வந்த கடிதத்தை உடைத்துப் பார்க்கிறோம். தகப்பன்தானே, தாய்தானே என்கிறோம். பிள்ளையைக் கவனிப்பது பெற்றோரின் கடமை, அதை மறுக்கவில்லை. ஆனால் தட்டிவிட்டுத் திறந்தால் கடமை குறைந்துவிடாது. அரசு எங்கள் கதவைத் தட்ட வேண்டும் என்று கேட்கிற நாங்கள், அந்த மரியாதையை எங்கள் பிள்ளைகளுக்கும் மனைவிமாருக்கும் காட்டப் பழக வேண்டும்.

லேமனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். தன் வீட்டுக்குக் கேட்கும் காவலை அடுத்தவன் வீட்டுக்கும் கேட்க வேண்டும். அவன் வேறு பாஷை பேசினாலும், ஏழையானாலும், பிடிக்காத ஆளானாலும் கேட்க வேண்டும். முதல் பாதியை லேமன் மிக அழகாகச் செய்தார். மற்றப் பாதியை அவருக்குப் பின் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள், இன்னும் செய்து முடியவில்லை. எங்கட பிள்ளைகள் இந்த நாட்டில் சட்டம் படிக்கிறார்கள், கொமியூனில் வேலை செய்கிறார்கள், தேர்தலில் நிற்கிறார்கள். மிச்சத்தைச் செய்யும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு.

அடுத்த தடவை ஓர்லா லேமன் றோட்டால் போகும்போது பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப் பலகையைக் காட்டி, இவர் யார் என்று இரண்டு வசனம் சொல்லுங்கள். பிறக்கும் புத்தாண்டில் இங்குள்ள வீடுகளிலும் தாயகத்து வீடுகளிலும் கதவைத் தட்டுவது உறவும் நல்ல செய்தியுமாக இருக்கட்டும்.